மறக்கத் தெரிந்த சாட்சி

ஜெர்மனி நாட்டில் மாக்டெபர்க் என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே ஒரு சாலையில், இடப்புறம் திரும்பும் வண்டிகளுக்கென்று அடுத்தடுத்து இரண்டு தடங்கள் உண்டு. ஒரு நாள் இரண்டு மோட்டார் கார்கள் அவ்விரு தடங்களிலும் பக்கம் பக்கமாகத் திரும்பின. திரும்பும்போது ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. “நீர்தாம் என் தடத்துக்குள் நுழைந்தீர்” என்றார் ஒருவர். “இல்லை, நுழைந்தவர் நீரே” என்றார் மற்றவர். வழக்கு நீதிமன்றம் சென்றது. நீதிமன்றம் ஒரு நிபுணரைக் கேட்டது. இருவர் கூறுவதும் நடந்திருக்கக் கூடியதே என்று அவர் சொல்லிவிட்டார். தம் கூற்றை மெய்ப்பிக்க முடியாததால், வழக்குத் தொடுத்தவருக்குச் சேதத்தில் பாதித் தொகைதான் கிடைத்தது.

ஆனால் அவரிடம் ஒரு சாட்சி இருந்தது. அவருடைய காரில் பொருத்தப்பட்டிருந்த சிறிய காமிரா ஒன்று பயணத்தைப் படம் பிடித்துக்கொண்டே வந்திருந்தது. அந்தப் படத்தைப் பாருங்கள் என்று அவர் வேண்டினார். நீதிமன்றம் பார்க்க மறுத்துவிட்டது! மேல்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்தது.

கண்ட சாட்சி கையில் இருக்க, அதைக் கேளாமல் விடுவது எவ்வகையில் நியாயம் என்று வாசகர்களுக்குத் தோன்றலாம். மறுத்தவர்களிடமும் ஒரு காரணம் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள, ‘டேஷ் காமிரா’ எனப்படும் இக்கருவியின் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

மனித சாட்சியின் பலவீனம்

முதலில் ஒரு கேள்வி. விபத்தைக் கண்ணால் கண்டவர் இருக்கும்போது காமிரா எதற்கு?

இதற்கு விடை தரும் சோதனை ஒன்றை 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலார் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் ஆகிய இருவரும் வெளியிட்டனர். மாணவர்களுக்குக் கார் விபத்துகளைக் காட்டும் சிறு திரைப்படங்களைப் போட்டுக் காட்டினர். பின்னர் கார்களின் வேகத்தைக் கேட்டனர். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். ஒரே ஒரு சொல்லைமட்டும் மாற்றினர். “கார்கள் ஒன்றையொன்று தொட்டபோது” என்று கேட்கப்பட்டவர்கள் கூறிய சராசரி வேகம் மணிக்குச் சுமார் 51 கி.மீ. “ஒன்றையொன்று நொறுக்கிக்கொண்டபோது” என்று கேட்கப்பட்டவர்களோ சுமார் 66 கி.மீ. என்றனர். கண்டது ஒரே படம். கேள்வியில் இருந்த சொல்லோ வேகத்தைக் கூட்டிவிட்டது!

வேறொரு குழுவினரிடம் ஒரு வாரம் கழித்து, “உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?” என்று கேட்டனர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஆயினும், ‘நொறுக்கிக்கொண்டபோது’ என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் “பார்த்தோம்” என்றனர். இவர்கள் பொய்யர்கள் அல்லர். நினைவு என்பது எடுத்துப் பார்க்கும் புகைப்படம் அன்று. நினைக்கும் ஒவ்வொரு முறையும் மனம் அதை மறுபடி கட்டி எழுப்புகிறது. கட்டும்போது புதிய செங்கல்களும் சேர்ந்துவிடுகின்றன.

இந்தப் பலவீனத்துக்கு மருந்தாகவே வண்டியில் காமிரா ஏறியது. எனினும், அது முதன்முதலில் ஏறியது சாட்சி சொல்வதற்காக அன்று, வேடிக்கை காட்டுவதற்காக.

வேடிக்கைப் படம் சாட்சியான கதை

திரைப்படம் பிறந்த சில ஆண்டுகளிலேயே, ஓடும் ரயிலின் முகப்பில் காமிராவை வைத்துப் படம் எடுக்கும் வழக்கம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தோன்றிவிட்டது. கொட்டகையில் அமர்ந்தபடியே பயணம் செய்யும் உணர்வை மக்கள் விரும்பினர்.

அவ்வகையில், மைல்ஸ் சகோதரர்கள் என்போர் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் மார்க்கெட் தெருவில் சென்ற கேபிள் காரின் முன்புறம் காமிராவைப் பொருத்தி, ஏறத்தாழ 13 நிமிடம் ஓடும் படத்தை எடுத்தனர். குதிரை வண்டிகளும், மிதிவண்டிகளும், புதிதாக வந்த மோட்டார் கார்களும், இவற்றினூடே அச்சமின்றிக் குறுக்கே நடக்கும் மக்களும் அதில் காணப்படுகின்றனர். சாலை விதி என்று ஒன்று இல்லாத காலத்தைக் கண்முன் நிறுத்தும் படம் அது.

இப்படம் 1905-இல் எடுக்கப்பட்டது என்றே நெடுங்காலம் எண்ணி வந்தனர். டேவிட் கீன் என்ற திரைப்பட வரலாற்றாசிரியர் அதை ஐயுற்றார். படத்தில் தெருவில் மழைநீர் தேங்கியிருப்பதைக் கண்டு, பழைய வானிலைக் குறிப்புகளைப் புரட்டினார். ஒரு காரின் எண் பலகையைப் படித்து, அது 1906-இன் தொடக்கத்தில்தான் பதிவு செய்யப்பட்டது என்று கண்டார். செய்தித்தாள்களையும் ஒப்பிட்டு, படம் எடுக்கப்பட்டது 1906 ஏப்ரல் 14-ஆம் நாளாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அதாவது, ஏப்ரல் 18-ஆம் நாள் விடியலில் அந்நகரைத் தரைமட்டமாக்கிய பூகம்பத்துக்கு நான்கே நாள் முன்பு! படத்தில் நாம் காணும் கட்டிடங்களில் பல அந்த வாரமே அழிந்தன. மைல்ஸ் சகோதரர்களின் படநிலையமும் எரிந்துபோயிற்று. படச்சுருள் முந்திய இரவே ரயிலில் நியூயார்க் நகருக்கு அனுப்பப்பட்டுவிட்டதால் தப்பியது.

வண்டி முகப்பில் நிற்கும் காமிராவின் சிறப்பியல்பு இதில் விளங்குகிறது. எடுத்தவர் நினையாததையும் அது பதிவு செய்கிறது. எது முக்கியம் என்று அது முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை.

பின் இருக்கை முழுவதும் கருவி

இவ்வியல்பைச் சட்டத்தின் பணிக்குப் பயன்படுத்தலாம் என்று முதலில் எண்ணியவர்கள் போலீசார். 1939-இல் கலிபோர்னியாவின் நெடுஞ்சாலைக் காவலர் ஒருவர் தம் காரில் திரைப்படக் காமிராவைப் பொருத்தி, விதி மீறும் வண்டிகளைப் படம் பிடித்தார். ஆனால் படச்சுருளோ சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதைக் கழுவி எடுக்க வேண்டும். ஒருமுறை பயன்பட்டது மறுமுறைக்கு ஆகாது.

1960-களில் கனெக்டிகட் மாநிலப் போலீசார் இன்னொரு முயற்சி செய்தனர். முன் இருக்கையில் முக்காலி மீது காமிரா. பதிவுக் கருவியோ பின் இருக்கை முழுவதையும் அடைத்துக்கொண்டது. கைது செய்தவரை உட்கார வைக்கவும் இடமில்லை!

1980-களில் வீடியோ நாடா வந்தது. இப்போது பதிவுக் கருவி காரின் பின்புறப் பெட்டிக்குள் அடங்கியது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோரால் பிள்ளைகளை இழந்த தாய்மார்கள் அமெரிக்காவில் இயக்கம் நடத்திய காலம் அது. தள்ளாடும் வண்டியை நீதிபதிக்கு நேரில் காட்ட வீடியோ உதவியது. 1991 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்தில் நள்ளிரவுச் சோதனையின்போது ஒரு கான்ஸ்டபிள் கொல்லப்பட்டார். அவருடைய காரின் காமிரா அந்தக் கொலையைப் பதிவு செய்திருந்தது. இறந்தவருக்காக அந்த நாடா சாட்சி சொன்னது; குற்றவாளிகள் தண்டனை பெற்றனர்.

பின்னர் அரசின் நிதியுதவி கிடைத்தது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க மாநில ரோந்து வண்டிகளில் 11 சதவீதத்தில் மட்டுமே காமிரா இருந்தது. 2003-இல் 72 சதவீதத்தில் இருந்தது. போலீசார் மீது புகார்கள் வந்தபோதும் இதே வீடியோ பரிசீலிக்கப்பட்டது. பல வழக்குகளில் காவலர் குற்றமற்றவர் என்று தெரிந்தது. சிலவற்றில் புகார் உண்மை என்றும் தெரிந்தது. காமிரா தன்னைப் பொருத்தியவருக்குத்தான் சாதகமாகப் பேசும் என்ற உறுதி இல்லை.

அழிப்பதில் இருந்த அறிவு

இவ்வளவு வளர்ந்தும் ஒரு சிக்கல் நின்றது. நாடா தீர்ந்துபோகும். யாராவது அதை மாற்ற வேண்டும். போலீஸ் நிலையத்தில் அதற்கு ஆள் இருப்பர். குடும்பத்தோடு காரில் போகும் ஒருவர் நாள்தோறும் நாடா மாற்றிக்கொண்டிருப்பாரா? விபத்து எப்போது வரும் என்று முன்னதாகத் தெரிந்து காமிராவை முடுக்கவும் இயலாது.

இச்சிக்கலுக்கு விடை சாலையில் பிறக்கவில்லை, வானில் பிறந்தது. 1953, 1954-ஆம் ஆண்டுகளில் காமெட் என்னும் ஜெட் விமானங்கள் அடுத்தடுத்து விழுந்து நொறுங்கின. காரணம் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகர ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய டேவிட் வாரன் என்ற விஞ்ஞானி இதைப்பற்றிச் சிந்தித்தார். அவருடைய தந்தையே 1934-இல் விமான விபத்தில் மறைந்தவர். விமானிகளின் பேச்சையும் கருவிகளின் அளவீடுகளையும் மெல்லிய எஃகுக் கம்பியில் காந்தப் பதிவாகப் பதியும் கருவியை அவர் உருவாக்கினார். இன்று ‘கறுப்புப் பெட்டி’ என்று நாம் அழைப்பதன் முன்னோடி அது.

வாரன் கண்ட முக்கியமான உண்மை இதுதான். பயணம் முழுவதும் பதிந்திருக்கத் தேவையில்லை. நல்லபடியாகத் தரையிறங்கிய விமானத்தின் பேச்சு யாருக்கு வேண்டும்? கடைசி நான்கு மணி நேரம் மட்டும் இருந்தால் போதும். பழையதன் மீதே புதியது பதியட்டும். விபத்து நேர்ந்தால் கருவி நிற்கும். கடைசியில் பதிந்தது மிஞ்சும். மறந்துகொண்டே போவதுதான் அக்கருவியின் நினைவாற்றல்!

ஆஸ்திரேலிய விமானிகள் அப்போது இதை எதிர்த்தனர் என்பதும் குறிப்பிடத்தக்கது. தம் பேச்சை ஒட்டுக்கேட்கும் ஒற்றன் இது என்று அவர்கள் அஞ்சினர். அந்த அச்சம் பின்னர் சாலைக்கும் வந்தது. மாக்டெபர்க் வழக்கில் அதை மறுபடி சந்திப்போம்.

உள்ளங்கைக்குள் அடங்கியது எப்படி?

வாரனின் கருத்து சாதாரணக் காருக்கு வர, மூன்று கண்டுபிடிப்புகள் கைகோத்தன.

முதலாவது, படச்சுருள் இன்றிப் படம் பிடிக்கும் சில்லு. 1969-இல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தின் வில்லர்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் ஒளியை மின்னூட்டமாக மாற்றிச் சேகரிக்கும் சில்லுக்கு வழி கண்டனர். 2009-இல் இதற்காக நோபல் பரிசு பெற்றனர். 1990-களில் எரிக் ஃபோசம் குழுவினர் விண்கலங்களுக்காக வளர்த்த மற்றொரு வகைச் சில்லு, குறைந்த மின்சாரத்தில் வேலை செய்தது. கைத்தொலைபேசிக் காமிராவும் டேஷ் காமிராவும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

இரண்டாவது, ஃபிளாஷ் நினைவகம். 1980-களில் ஜப்பானியப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா வடிவமைத்தது. மின்சாரம் நின்றாலும் இதில் பதிந்தது அழியாது. வேண்டும்போது அழித்து மீண்டும் எழுதலாம். சுழலும் பகுதி எதுவும் இல்லாததால் வண்டியின் அதிர்ச்சியைத் தாங்கும். இன்று அது விரல் நகமளவு அட்டையாக விற்கப்படுகிறது.

மூன்றாவது, அதிர்ச்சி உணரி. சிலிக்கான் சில்லுக்குள் மயிரிழை போன்ற வில்களில் ஒரு நுண்ணிய எடை தொங்குகிறது. வண்டி சட்டென்று நின்றால் அந்த எடை முன்னே நகரும். அருகிலுள்ள தகடுகளுக்கும் அதற்கும் இடையேயுள்ள மின்தேக்கு திறன் மாறும். 1990-களின் தொடக்கத்தில் காரின் காற்றுப் பைகளை விரிய வைப்பதற்காகப் பயனுக்கு வந்த உணரி இது.

மூன்றையும் இணைத்துப் பாருங்கள். காமிரா ஓரிரு நிமிடத் துண்டுகளாக வீடியோவைப் பதிகிறது. அட்டை நிறைந்ததும் மிகப் பழைய துண்டை அழித்து அதன்மேல் எழுதுகிறது. அதிர்ச்சி உணரி மோதலை உணர்ந்தால், அப்போதைய துண்டுக்குப் பூட்டுப் போடுகிறது, பூட்டியதன்மேல் எழுதாது. ஓட்டுநர் எதையும் தொட வேண்டியதில்லை. தெளிவான வீடியோவுக்கு மணிக்கு 6 முதல் 7 கிகாபைட் இடம் தேவை என்று கொண்டால், 32 கிகாபைட் அட்டை ஏறத்தாழ நான்கரை முதல் ஐந்து மணி நேரம் கொள்ளும். வாரனின் எஃகுக் கம்பி நினைவில் வைத்திருந்த நேரமும் கிட்டத்தட்ட இதுவே!

தென் கொரியாவில் இக்கருவியை இன்றும் ‘கறுப்புப் பெட்டி’ என்றே அழைக்கின்றனர். பெயரிலேயே அதன் பரம்பரை தெரிகிறது.

வானத்துக்கும் சாட்சி

இச்சிறு காமிராக்கள் வேகமாகப் பரவிய நாடுகளில் ஒன்று ரஷ்யா. விபத்துத் தகராறுகளும், வேண்டுமென்றே காரின் முன் விழுந்து பணம் பறிக்கும் ஏமாற்றுகளும் ஓட்டுநர்களைக் காமிரா வாங்க வைத்தன. 2013 பிப்ரவரி 15-ஆம் நாள் காலையில் செல்யாபின்ஸ்க் நகர மக்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ 20 மீட்டர் குறுக்களவுள்ள விண்கல் ஒன்று நொடிக்கு 19 கி.மீ. வேகத்தில் வளிமண்டலத்துள் பாய்ந்து, சுமார் 30 கி.மீ. உயரத்தில் வெடித்தது. வெளிப்பட்ட ஆற்றல் ஹிரோஷிமா குண்டைப்போல் சுமார் 30 மடங்கு. கண்ணாடிகள் சிதறி ஏறத்தாழ 1500 பேர் காயமுற்றனர்.

எந்த வானாய்வுக்கூடமும் அக்கல்லை முன்கூட்டிக் காணவில்லை. ஆனால் சாலையில் சென்ற கார்களின் காமிராக்கள் கண்டன! விஞ்ஞானிகள் அந்த வீடியோக்களைத் திரட்டினர். படம் எடுக்கப்பட்ட இடங்களுக்கே இரவில் சென்று, விண்மீன்களைப் படமெடுத்து, வீடியோவில் தெரியும் கட்டிடங்களும் கம்பங்களும் எத்திசையில் எவ்வளவு உயரத்தில் உள்ளன என்று அளந்தனர். கொலம்பியா நாட்டு வானியலார் இருவர், நகரச் சதுக்கத்தில் இருந்த காமிராவின் படத்தில் கம்பங்களின் நிழல் நகர்ந்த விதத்தைக் கொண்டே கணக்கிட்டனர். பண்டை எரடோஸ்தனிஸ் நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவை அளந்தாரே, அதைப் போன்ற முறைதான். இவ்வாறு கல் வந்த பாதையும், அது முன்னர்ச் சூரியனைச் சுற்றி வந்த பாதையும் தெரிந்தன. வீதிச் சண்டைக்காக வாங்கிய கருவி, வானியலுக்குத் தொண்டு செய்தது.

சாட்சியை எடை போடுதல்

வீடியோவிலிருந்து வேகத்தைக் கணிப்பது எப்படி? ஓர் எளிய கணக்கு. காமிரா நொடிக்கு 30 படம் எடுக்கிறது. இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு இடையே 30 மீட்டர் தூரம். அதைக் கடக்க ஒரு காருக்கு 36 படங்கள் ஆயின என்று வைத்துக்கொள்வோம். 36 படம் என்பது 1.2 நொடி. ஆகவே வேகம் நொடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கி.மீ. காமிரா வைத்திருப்பவர் தாமே வேகமாகப் போயிருந்தால், இதே கணக்கு அவரையும் காட்டிக்கொடுக்கும்.

ஆயினும் இச்சாட்சியும் குறையற்றது அன்று. மேற்சொன்ன வேகத்தில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே கார் 83 செ.மீ. நகர்ந்துவிடுகிறது; இரவில் எண் பலகை தெளிவின்றி நீண்டு தெரியும். சாலையின் அகலம் முழுவதையும் காட்டுவதற்காக அகன்ற கோண வில்லை பொருத்துவதால், எதிரேயுள்ள பொருள்கள் உண்மையைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும். “இவ்வளவு இடம் இருந்தும் ஏன் நிறுத்தவில்லை?” என்று பார்ப்பவர் தவறாகக் கருத இது இடம் தரும். கருவியின் கடிகாரம் பிழையாக ஓடுவதும் உண்டு. செல்யாபின்ஸ்கில் விஞ்ஞானிகள் நேரங்களைத் திருத்த வேண்டியிருந்தது. ஓயாமல் அழித்தெழுதுவதால் நினைவு அட்டையும் நாளடைவில் தேய்ந்துபோகும். வைத்திருப்போர் அவ்வப்போது சோதித்து, மாற்ற வேண்டும். வெயிலில் நிற்கும் காரின் வெப்பம் லித்தியம் மின்கலத்துக்கு ஆகாது. ஆதலால், கடைசித் துண்டைப் பதிந்து முடிக்கும் சில நொடி மின்சாரத்துக்கு உயர்திறன் மின்தேக்கி வைத்த கருவிகளே வெப்ப நாடுகளுக்கு ஏற்றவை.

மீண்டும் மாக்டெபர்க்

இப்போது அந்த வழக்குக்கு வருவோம். கீழ் நீதிமன்றங்கள் ஏன் மறுத்தன? சாலையில் செல்லும் எத்தனையோ பேரின் முகமும் வண்டி எண்ணும் அவர்களுடைய அனுமதி இன்றியே பதிவாகின்றன. ஒவ்வொரு காரும் ஓயாது கண்காணிக்கும் கண்ணாகிவிட்டால், குடிமகன் ஒருவன் தெருவில் தன் போக்கில் நடமாட முடியுமா? ஆஸ்திரேலிய விமானிகள் எழுப்பிய அதே அச்சம்தான் இது.

வழக்கு ஜெர்மனியின் உச்ச நிலை நீதிமன்றத்துக்குச் சென்றது. 2018 மே 15-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. காரணமின்றி இடைவிடாது பதிந்து வைப்பது தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணானது என்று நீதிபதிகள் கூறினர். சிறு இடைவெளிகளில் பழையதை அழித்துக்கொண்டே இருந்து, மோதல் நேரும்போது மட்டும் நிலையாகப் பதியும் வகையில் கருவி அமைக்க முடியுமே என்றும் சுட்டிக்காட்டினர். ஆனால் பதிவு முறை தவறு என்பதால் உண்மையையே பார்க்க மறுக்க வேண்டும் என்பதில்லை. நொடியில் நடந்து முடியும் சாலை விபத்தில் சான்று கிடைப்பது அரிது. நடந்ததோ எல்லோரும் காணும் பொதுச் சாலை. விபத்தில் சம்பந்தப்பட்டவர் தம் பெயரையும் விவரத்தையும் எப்படியும் தர வேண்டியவரே. எனவே வீடியோவைச் சான்றாக ஏற்கலாம் என்று கூறி, வழக்கைத் திரும்ப அனுப்பினர்.

இத்தீர்ப்பை ஊன்றிப் பார்த்தால் ஒரு வியப்பு புலப்படும். வாரன் தம் கம்பி தீர்ந்துபோகாமல் இருக்கக் கண்ட வழியை, அறுபது ஆண்டுகள் கழித்து நீதிபதிகள் மனிதரின் அந்தரங்கத்தைக் காக்கும் வழியாகக் கண்டனர். பொறியியல் சிக்கலுக்கும் அறச் சிக்கலுக்கும் விடை ஒன்றாகவே அமைந்தது: வேண்டாததை மற, வேண்டியதை மட்டும் வை.

நம் நாட்டிலும் கார்களில் இக்காமிராக்கள் பெருகி வருகின்றன. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவை உரிய சான்றிதழுடன் சாட்சியமாக ஏற்க வகை செய்கிறது. ஆகவே விபத்து நேர்ந்தால், வீடியோவை வெட்டி ஒட்டாமல், அட்டையைக் கழற்றி மூலப் பதிவை அப்படியே பத்திரப்படுத்துவது நல்லது. கருவியைப் பின்நோக்குக் கண்ணாடியின் மறைவில், ஓட்டுபவரின் பார்வையை மறைக்காதபடி பொருத்த வேண்டும். வழிப்போக்கர்களின் முகங்களை ஊராருக்கு வேடிக்கை காட்டுவதும் முறையாகாது.

தொழில்நுட்பம் எவ்வளவு வேண்டுமானாலும் நினைவில் வைக்கும் ஆற்றலை நமக்குத் தந்துவிட்டது. அந்த ஆற்றலில் எவ்வளவைப் பயன்படுத்துவது என்பதை எந்தச் சில்லும் நமக்காக முடிவு செய்யாது. நடந்ததை உள்ளபடி சொல்ல வேண்டும். நடக்காதவற்றைப் பற்றியும் தொடர்பில்லாதவர்களைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது. நல்ல சாட்சிக்கு இலக்கணம் இதுவே. மனிதருக்கும் கருவிக்கும் இது பொது அல்லவா?